நத்தைக்குச் சளி

"நிறுத்தித் தொலைங்கம்மா. இன்னும் எத்தனை வருஷம்தான் அந்த நத்தையை வெச்சு இழுப்பீங்க?"

புதன்கிழமை காலையில் முதல் போன் வந்தால் அது அவர்தான். டி.வி. சேனலின் நேயர் சேவை மேஜையில் இருந்த பெண், ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பென்சில் சீவினாள்.

ஆபீசில் அவருக்கு 'நிறுத்து சார்' என்று பெயர்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. 'நத்தை போலீஸ்' கார்ட்டூனை ஆரம்பத்தில் பார்த்த குழந்தைகளெல்லாம் இப்போது மீசை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். நத்தை பிடிப்பதற்குத் திருடன் பாக்கி இல்லை. பிடித்தவனையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருந்தது.

"உங்கள் கருத்துக்கு நன்றி சார். சம்பந்தப்பட்டவங்ககிட்ட சொல்லிடறோம்."

"போன வாரமும் இதையேதான் சொன்னே. நேத்து நத்தைக்குச் சளி, கவனிச்சியா?"

"கதையில சளி எதுவும் வரலையே சார்."

"கதையில இல்லம்மா, குரல்ல. மூக்கடைச்சுக்கிட்டுப் பேசுது. உடம்பு சரியில்லாதவங்களை உட்கார வெச்சு வேலை வாங்கறீங்களா? நிறுத்துங்க. அவங்கவங்க வீடு போய்ச் சேரட்டும்."

போனை வைத்ததும் பக்கத்து மேஜையிலிருந்து மானேஜர் சிரித்தார்.

"பிடிக்கலைன்னா ரிமோட்டை அமுக்க வேண்டியதுதானே? ஒரு வாரம் விடாம பார்ப்பாராம், பார்த்துட்டுக் குறையும் சொல்வாராம். வேலை வெட்டி இல்லாத மனுஷன்."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு வழியாக நத்தையை நிறுத்தினார்கள். நிம்மதி என்று எல்லோரும் மூச்சு விடுவதற்குள், இரண்டே மாதத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். புத்தம் புதிய நத்தை. முட்டைக் கண், ஊதா நிற ஓடு, வயிற்றுக்கடியில் சக்கரம் வேறு. பேசுவதற்கும் வேறு ஆள். குரல் துடிப்பாக இருக்கவேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

புது நத்தை முதல் தடவை வந்த மறுநாள் காலையில் போன் அடித்தது.

"உன் ஆளுதான். ஸ்பீக்கர்ல போடு, எல்லாரும் கேட்போம்" என்றார் மானேஜர்.

போட்டாள்.

"அம்மா, நத்தைக்கு என்ன ஆச்சு?"

"புதுசா வந்திருக்கு சார். நீங்க சொன்ன மாதிரியே பழசை நிறுத்தியாச்சு."

மானேஜர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் பொம்மையைக் கேக்கலை. பேசினவங்க எங்கே?"

"அவங்களை மாத்திட்டாங்க சார்."

"ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா? அந்தச் சளி விட்டுச்சா இல்லையா?"

"அந்த விவரமெல்லாம் நாங்க சொல்லக் கூடாது சார். நீங்க அவங்களுக்கு...?"



"அப்பா. குரலை மாத்திப் பேசறதெல்லாம் ஒரு பிழைப்பான்னு நான்தான் கத்தினேன். அன்னிக்குக் கிளம்பிப் போனவ. கார்ட்டூனை நிறுத்திட்டா வேற வழியில்லாம வீட்டுக்கு வந்துருவான்னு கணக்குப் போட்டேன். கட்டில் மேல கிடந்த மூட்டையெல்லாம் எடுத்து, அவ ரூமை ஒழிச்சுக்கூட வெச்சேன். ரெண்டு மாசமாச்சு. வரலை."

மானேஜர் எட்டி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, மேஜையில் இல்லாத எதையோ தேட ஆரம்பித்தார்.

அவள் ரிசீவரை எடுத்தாள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"சார், வாரம் தவறாம எங்களுக்குப் போன் பண்ணினீங்களே. அவங்களுக்கு ஒரு தடவை பண்ணியிருக்கலாம் இல்லையா? நம்பர் தெரியாதா?"

"தெரியும்மா."

"அப்புறம் என்ன சார்?"

"என்னன்னு பேசறது? அவ மேல எனக்குப் புகார் எதுவும் இல்லையே."