ஒருத்திக்குத்தான் டிக்கெட்

இப்போதெல்லாம் பட்டணம் பார்க்க வகுப்புக்கு ஒரு பிள்ளையைத்தான் அனுப்புகிறார்கள். அது மாட்டியிருக்கும் கண்ணாடி வழியாக மற்றதுகள் ஊரிலிருந்தே பார்க்குமாம். எனக்கு அந்தக் கண்ணாடிமேல் நம்பிக்கையே கிடையாது.

தேனியிலிருந்து வந்த இளவேனில், பஸ்ஸில் சுற்றியபோது எல்லாவற்றையும் காட்டினாளாம். என் படகிலிருந்து கடல் தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

“இதைக் காட்ட மாட்டேன் மிஸ். எல்லாரையும் கூட்டிட்டு வாங்க.”

“மார்க் போயிடும்டி!” கண்ணாடிக்குள்ளிருந்து டீச்சர் கத்தினார்.

“போகட்டும்.”

டீச்சருக்குப் பின்னால் வகுப்பே விசிலடித்தது. உடனே டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“படகுக்காரரே, நீங்களாச்சும் மாட்டிக் காட்டுங்க.”

“அதுக்கின்னாம்மா, காட்டிட்டா போச்சு.”

சுக்கானை இளவேனிலிடம் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டேன். கரை திரும்பும்வரை என் பித்தவெடிப்புக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.