தூணின் சூடு

கான்கிரீட் இறுகும்போது தூணுக்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று என் செல்போன் காட்டும். அதற்கான சென்சாரைக் கம்பியில் கட்டியவன் தவசி. அன்று கட்டுக்கம்பி தீர்ந்திருந்தது. மனைவி கோயிலில் கட்டிவிட்ட கயிற்றை மணிக்கட்டிலிருந்து அவிழ்த்து, அதனாலேயே சென்சாரைக் கட்டினான். "அவகிட்ட சொல்லிராதீங்க சார், கொன்னுருவா" என்று சிரித்தான். கான்கிரீட் போட்ட அன்று சாயங்காலமே சாரத்திலிருந்து விழுந்து செத்தான். ஆஸ்பத்திரியில் அவன் மனைவி செல்லத்தாய் அவனுடைய வெறும் மணிக்கட்டையே தடவிக்கொண்டிருந்தாள். கயிறு எங்கே என்று கேட்டாள். தூணுக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து தினமும் வருகிறாள். "இப்ப எப்படி இருக்கு சார்?" என்பாள். போனைக் காட்டுவேன். சூடு இறங்கிக்கொண்டே வந்தது. இறங்கத்தான் வேண்டும். இன்று வெளிக்காற்றின் சூடும் தூணின் சூடும் ஒன்றாகிவிட்டன.

"ஆறிடுச்சும்மா. இனிமே பாக்க ஒண்ணுமில்ல."

அவள் போனைப் பார்க்கவில்லை. தூணில் சுற்றியிருந்த ஈரச்சாக்கை விலக்கி உள்ளங்கையை வைத்தாள். வழக்கம்போல் தண்ணீர் அடிக்க முருகையா குழாயோடு வந்தார்.

"ஊத்தாதண்ணே" என்றாள். "அவருக்குக் குளிரும்."

தண்ணீர் ஊற்றாவிட்டால் தூண் விரிசல் விடும். முருகையா குழாயைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.