ஒரு பல் தள்ளி

"கடையிலிருந்து வந்த ஆள்தானே? சட்டைக் கையை மடிச்சிட்டு இந்தப் பக்கம் வா."

காருக்கு முன்னால் குந்தியிருந்த அபூ ஷிப்லி தலையைக்கூடத் திருப்பவில்லை. முற்றத்துக் கதவைப் பிடித்தபடி நின்ற யஸனுக்கு, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த நாலு வரியும் மறந்துபோயிற்று.

அவன் வந்தது பெண் கேட்க. அவரது மூத்த மகள் ஹனீனும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர்கள். பெரியவர்களோடு முறைப்படி வருவதற்கு முன் தகப்பனிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, வார விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையில் தொழுகை முடிந்த கையோடு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் அரைப் புட்டி அத்தருமாக சல்ட் நகரத்து மேட்டுத் தெருவை ஏறி வந்திருந்தான். இதற்கு முன் கேட்டு வந்த இரண்டு மாப்பிள்ளைகளை அவர் வந்த வழியே அனுப்பிவைத்தது ஊரறிந்த கதை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டான்.

வண்டிக்கு வயது இருபது. காலையில் சாவியைத் திருகினால் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டியது போல் கடகடக்கும். எஞ்சினுக்குள் சக்கரங்களை ஒரே கணக்கில் சுழற்றும் டைமிங் செயின் தளர்ந்துவிட்டது. மெக்கானிக் யாரையும் தொட விடமாட்டார் மனிதர். எஞ்சினின் முன்மூடியைத் தானே கழற்றி, பழைய செயினையும் உருவிப் போட்டிருந்தார். புதுசை மாட்டத்தான் இரண்டு கை போதவில்லை; உதிரிபாகக் கடையில் ஒரு கையாள் கேட்டிருப்பார் போல.

அவர் மனைவி ஏலக்காய் மணக்கும் காபியைச் சின்னக் கோப்பையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, யஸனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் அதை எடுத்துச் சுவர் மேல் வைத்தான். பெண் கேட்க வந்தவன், சரி என்ற பதில் வரும்வரை அந்த வீட்டுக் காபியைத் தொடக்கூடாது. கடை ஆளுக்கு அந்த விதி இல்லைதான். ஆனால் தான் யாரென்று யஸனின் மனசுக்குத் தெரியுமே.

"என்ன, எங்க வீட்டுக் காபி இறங்காதோ?"

"கையெல்லாம் எண்ணெய்ங்க."

அப்போது அவன் கையில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அபூ ஷிப்லி மீசையைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

அப்புறம் அவனைப் பிழிந்தெடுத்துவிட்டார். மூடியில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டச் சொன்னார். அவன் ஸ்பானர் பிடிப்பதைப் பார்த்து, சூப் குடிக்க வந்தாயா என்று கேட்டார். வெள்ளைச் சட்டையில் கறுப்புத் தீற்றல் விழுந்தபோது, உங்கள் கடையில் எல்லாரும் இப்படித்தான் கல்யாணத்துக்குப் போகிறாற்போல் வருவார்களா என்று கிண்டலடித்தார். யஸன் பல்லைக் கடித்துக்கொண்டு பல்சக்கரங்களை அசையாமல் பிடித்திருந்தான்.

புதுச் செயினில் மூன்று கண்ணிகளுக்கு வண்ணம் பூசியிருந்தது. மேலே இரண்டு சக்கரம், கீழே ஒன்று. ஒவ்வொன்றின் புள்ளிக்கு நேராகவும் ஒரு வண்ணக் கண்ணி உட்கார வேண்டும். ஒரு பல் பிசகினாலும் உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு அந்த எஞ்சினைப் பழைய இரும்புக்குத்தான் போடலாம்.

மாட்டி முடித்து அபூ ஷிப்லி நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்துக்கோ. இதுக்குப் பேர்தான் வேலை."

யஸன் பார்த்தான். வலப்பக்கத்துச் சக்கரத்தில் கண்ணி புள்ளிக்கு நேராக இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டி போய்விடும். திறந்தால் ஹனீன் போய்விடுவாள். பெண் கேட்க வந்த இடத்தில் மாமனாராக வரவேண்டியவருக்கு வேலை தெரியாது என்று எவன் சொல்வான்?

"ஐயா, வலப்பக்கம் ஒரு பல் தள்ளி இருக்கு."

"நாப்பது வருஷமா வண்டி வச்சிருக்கேன் தம்பி."

"இருக்கலாம்ங்க. ஆனா ஒரு பல் தள்ளித்தான் இருக்கு."

அபூ ஷிப்லி பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். செயினைக் கழற்றிச் சரியாக மாட்டினார். எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தார்கள். எங்கும் தட்டவில்லை. மூடியைப் பசை வைத்து முடுக்கினார்கள்.

பசை காயும்வரை, முன்பு வந்த இரண்டு மாப்பிள்ளைகளின் கதையைத் தானாகவே எடுத்துவிட்டார். ஒருத்தன் இந்த வண்டிச் சத்தத்தைக் குயில் பாட்டு என்றானாம். இன்னொருத்தன் சத்தமே கேட்கவில்லை என்றானாம். தன்னைக் குளிர்விக்கப் பொய் சொல்கிறவன் நாளைக்குத் தன் மகளிடமும் சொல்வான் என்று அனுப்பிவிட்டாராம். கடை ஆளிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறார் என்று யஸனுக்குப் புரியவில்லை. தானும் பொய் சொல்லித்தானே உள்ளே வந்தோம் என்று மட்டும் சுருக்கென்றது.

எண்ணெய் ஊற்றிச் சாவியைத் திருகினார். ஒரு நொடி கடகடத்தது. பிறகு வெண்ணெயாக ஓடியது. அபூ ஷிப்லி சமையலறை ஜன்னலைப் பார்த்துத் தலையை அசைக்க, உள்ளேயிருந்து நீளமாக ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. வண்டி ஓடியதற்கெல்லாமா குலவை போடுவார்கள் என்று யஸன் வியந்தான்.

புதுக் காபி வந்தது. அவன் அதையும் எடுத்துச் சுவர் மேல் வைத்தான்.

"ஐயா, நான் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். நான் கடை ஆள் இல்லை."

"காபியைக் குடி."

"அதில்லைங்க, நான் வந்தது…"

"நீ கேட்க வந்தது கிடைச்சாச்சு, குடிடா. ஹனீன் சம்மதத்தை அவ அம்மா அப்பவே கேட்டுச் சொல்லிட்டா. அடுத்த வாரம் பெரியவங்களைக் கூட்டிட்டு வா."

யஸன் கோப்பையை எடுத்தான். ஒரு வாய் குடித்தான்.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

அபூ ஷிப்லி கந்தல் துணியில் கையைத் துடைத்தபடி சிரித்தார்.

"வெள்ளிக்கிழமை எந்தக் கடைடா திறந்திருக்கு?"