கடைசியாகத் தொட்டவர்

குளியலறைக் கதவு இரண்டு மணி நேரமாகத் திறக்கவில்லை. உள்ளே ஐந்து வயது மகிழினிக்கு அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது.

பூட்டுக் கம்பெனியிலிருந்து வந்த செபாஸ்டின் மடிக்கணினியைக் கதவோடு இணைத்துப் பார்த்தான்.

"எங்க கம்பெனிப் பூட்டு எல்லாத்துக்கும் ஒரே புரோகிராம். அதுல இந்த வரிதான்க்கா தப்பு. ஒரு எழுத்தை மாத்தினா திறந்துரும்."

"எவன் எழுதினான் இதை? சீக்கிரம் மாத்து தம்பி!" என்று கத்தினாள் மகிழினியின் அம்மா சுகந்தி.

"மாத்தினா அந்த வரியில என் பேர் ஏறிடும்க்கா. கடைசியா தொட்டவங்கதான் ஆயுசுக்கும் பொறுப்பு. எங்க அண்ணன் ஒரு புள்ளியை அழிச்சாரு, இன்னும் கோர்ட்டுக்கு அலையுறாரு. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

இந்தத் தப்பு மூன்று வருடமாகக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியுமாம். யாரும் தொடவில்லையாம்.

உள்ளே முனகலும் நின்றது. சுகந்தி மடிக்கணினியைப் பிடுங்கினாள்.

"எந்த எழுத்து? காட்டித் தொலை!"

செபாஸ்டின் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகவாயை நீட்டிக் காட்டினான். அவள் மாற்றினாள். திரை பெயரும் செல்பேசி எண்ணும் கேட்டது. படித்துக்கூடப் பார்க்காமல் அடித்தாள். கதவு திறந்தது.

மகளை மடியில் கிடத்தித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தபோது செல்பேசி அடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். செபாஸ்டின் போய்விட்டிருந்தான்.

"சுகந்திங்களா? கரூர்லேருந்து பேசுறேன். எங்க ரூம் கதவு பத்து நிமிஷம் முன்னாடி தானா பூட்டிக்கிச்சு. பூட்டுல உங்க பேர்தான் காட்டுது. மனுஷங்கதானா நீங்கல்லாம்?"

பேசியவனின் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.