இரண்டு நிமிட அனுமதி

தேவநேசன் அங்கிள் கதவைப் பாதிதான் திறந்தார்.

நான் ஆறாவது மாடியிலிருந்து அவருடைய இரண்டாவது மாடி வரை படியிலேயே ஓடி வந்திருந்தேன். லிஃப்டுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை. சனிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும்.

மூச்சு வாங்க, அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வீடு திரும்பியபோது அம்மாவின் அறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டியதும் திறந்தாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்க் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். எதிரே தலையணையில் சாய்த்து வைத்த போனில், காக்கிச் சட்டை போட்ட ஒருவன்.

அம்மாவின் ஆதார் எண்ணைக் கொடுத்து யாரோ பார்சல் அனுப்பியிருக்கிறார்களாம். அதில் போதை மருந்தாம். விசாரணை முடியும்வரை வீடியோ காலை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, இதுவும் கைதுதான் என்று சொல்லியிருக்கிறான். இவ்வளவையும் அம்மா ஒரு தாளில் எழுதி எனக்குக் காட்டினாள்.

டெல்லி மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளை நடுங்க வைத்த கணக்கு டீச்சர் அவள். எழுத்து கோணல் மாணலாக இருந்தது.

நானே போனைப் பிடுங்கி அணைத்திருக்கலாம். தைரியம் வரவில்லை. ஒருவேளை நிஜமாக இருந்தால்? என் பெயரும் அவனிடம் இருந்தது. நான் வேலை பார்க்கும் வார்டுகூடத் தெரிந்திருந்தது.

அப்போது எனக்குத் தோன்றியது ஒரே ஒரு ஆள்தான்.

தேவநேசன் அங்கிள் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவில்காரர். ஆன்ட்டி போன பிறகு துவாரகாவில் தனியாகத்தான் இருந்தார். மாதம் ஒருமுறை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சர்ச்சில் இருக்கிற வயதானவர்களை உட்கார வைத்து இந்த மோசடிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார். ஓடிபியை யாருக்கும் தர மாட்டேன் என்று எல்லாரையும் கையைத் தூக்கிச் சொல்லச் சொல்வார். நாங்கள் சிரிப்போம்.

அன்றைக்கு அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. கழுத்து வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. முகத்தில் இரண்டு நாள் தாடி. கதவைப் பிடித்த கையை எடுக்காமலே கேட்டார். கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அது களவாணிப் பய, மக்களே. எந்தப் போலீசும் போன்ல வச்சு அரெஸ்ட் பண்ணாது. கட் பண்ணு. பண்ணிட்டு சைபர் கிரைம் நம்பர் 1930க்கு விளிச்சுச் சொல்லு. பேடிக்காத."

எந்தப் போலீசும் பண்ணாது என்பதை இரண்டு தடவை சொன்னார்.

தேங்க்ஸ் அங்கிள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அந்த அவசரத்திலும் எனக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

மேலே வந்து போனை அணைத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிடப் பார்த்தாள். அவன் திரும்பத் திரும்ப அழைத்தான், பிறகு நிறுத்திவிட்டான். யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. சாயங்காலம் அம்மா கஞ்சி குடித்தாள்.

மறுநாள் சர்ச்சில் நான் எழுந்து சாட்சி சொன்னேன். ஆண்டவர் தேவநேசன் அங்கிள் மூலமாக எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்றேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அங்கிள் வந்திருக்கவில்லை. ஜனவரிக் குளிர், காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை, மஸ்கட்டில் இருக்கும் அவர் மகன் மேக்ஸ்வெல் என்னைக் கூப்பிட்டான். அப்பா மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை, கொஞ்சம் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டான்.

கதவு திறந்தே கிடந்தது. அங்கிள் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய ஆதாரை வைத்து மும்பையில் ஒரு வங்கிக் கணக்கு திறந்திருப்பதாகவும், அதன் வழியாகக் கறுப்புப் பணம் போவதாகவும் போலீஸ் என்று போனில் வந்தவர்கள் சொன்னார்களாம். பாஸ்போர்ட் எண்ணைச் சொன்னார்களாம். ஆன்ட்டி இறந்த தேதியைச் சொன்னார்களாம். மூன்று ராத்திரி போனைக் கட்டிலுக்கு எதிரே நிறுத்தி வைத்துத் தூங்கியிருக்கிறார். திங்கட்கிழமை காலையில் வங்கிக்குப் போய், இருந்த எல்லாவற்றையும் அவர்கள் சொன்ன கணக்குக்கு மாற்றியிருக்கிறார். கவுன்டரில் இருந்த பெண் எதற்கு என்று கேட்டதற்கு, மகன் வீடு வாங்குகிறான் என்றாராம்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்றார்.

அவரே தொடர்ந்தார். சனிக்கிழமை நான் மணி அடித்தபோது, கதவைத் திறக்க அனுமதி கேட்டாராம். இரண்டு நிமிடம் கொடுத்தார்களாம். என்னோடு பேசிய நேரம் முழுவதும் போன் சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருந்ததாம்.

"ஒனக்குச் சொல்லச் சொல்ல எனக்கும் அப்படித்தான் தோணிச்சு மக்களே. கட் பண்ணிரலாம்னு நெனச்சுக்கிட்டேதான் கதவச் சாத்துனேன். ஒடனே அவன், யாரு வந்தா, தமிழ்ல என்ன பேசுனீங்கன்னு கேட்டான். எனக்குப் பொய் சொல்ல வரல்ல. ஒங்கிட்ட சொன்னத அப்படியே ஹிந்தியில சொன்னேன்."

அதற்கு அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"அச்சா கியா, அங்கிள்ஜி. இப்ப இந்த மாதிரி ஃபிராடு நெறைய நடக்குது, நீங்க அந்தப் பொண்ணுக்குச் சரியாத்தான் சொல்லியிருக்கீங்கன்னான். போலீஸ்காரன்தானே அப்படிச் சொல்லுவான். அதோட, இருந்த சந்தேகமும் போச்சு."