இருநூற்றோராவது அசைவு

கணினித் திரைக்குள் இருந்த பெண்ணுருவத்துக்கு இருநூறு கையசைவுகளைப் பொருளோடு பழக்கிவிட்டாள் இசைவாணி. நாளைக்கு மந்திரியே வந்து கையாட்டினாலும் அது தடுமாறாது என்ற தெம்பில், வாசலில் பூ விற்கும் ராக்காயியைக் கூப்பிட்டுக் கேமரா முன் நிறுத்தினாள். உருவம் கைகூப்பிச் சிரித்தது. “என் கண்ணே பட்டுரும்த்தா!” என்று திரையிலிருந்த முகத்தை இரு கைகளாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள் ராக்காயி. ‘புரியவில்லை. என்ன பொருள்?’ என்று திரையில் எழுத்து ஓடியது. இசைவாணி அதை வாசித்துக் காட்டினாள். “இதுக்கெல்லாமா வெளக்கம் கேக்கும்?” என்று ராக்காயி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இசைவாணி ‘அன்பு’ என்று தட்டினாள், அழித்தாள். ‘பயம்’ என்று தட்டி அதையும் அழித்தாள். நிமிர்ந்தபோது, உருவம் அவள் முகத்தை நோக்கி இரு கைகளையும் நீட்டி வழித்துக்கொண்டிருந்தது. எலும்பே இல்லாத அந்தப் பத்து விரல்களிலும் நெட்டி சடசடவென முறிந்தது.