பெரிய பிஸ்டனும் தேய்ந்த பிரேக்கும்

ஏகாம்பரத்தின் காருக்கு இருபத்தெட்டு வயது. மலை ஏறும்போது சுமை லாரிகள்கூட அதை முந்திக்கொண்டு போயின. அவரால் அதைப் பொறுக்க முடியவில்லை. கையில் இருந்ததைத் திரட்டி எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் குடைந்து, பெரிய பிஸ்டன் போட்டார். வேறு எதற்கும் மிஞ்சவில்லை.

எஞ்சின் உறுமிக்கொண்டு பட்டறையிலிருந்து திரும்பியது.

"எனக்கு ஏதாவது வாங்கினாரா?" என்று கேட்டது பிரேக். அது காகிதம் மாதிரி தேய்ந்திருந்தது.

"உனக்கு எதுக்குப்பா? இனிமே நாம எங்கே நிக்கப்போறோம்!" என்றது எஞ்சின்.

மறுநாள் மலையில் மூன்று லாரிகளை முந்தினார்கள். உச்சியில் ஏகாம்பரம் விசிலடித்தார். இறக்கத்தில், இரண்டாவது வளைவிலேயே பிரேக் புகைந்தது.

"பிடி நழுவுதுடா!" என்று அது கத்தியது.

"நான் என்ன பண்ண? எனக்கு ஓடத்தானே தெரியும்!"

மிதித்து மிதித்துப் பார்த்த ஏகாம்பரம், சட்டென்று கியரைக் குறைத்தார். வண்டியின் பாரம் முழுவதும் எஞ்சின்மேல் வந்து விழுந்தது. அது அலறிக்கொண்டே சக்கரங்களைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தது. வேகம் மெல்லக் குறைந்தது. அடுத்த வளைவில் ஒரு மண்மேட்டில் முட்டிக் கார் நின்றது.

இறங்கிய ஏகாம்பரம், பழக்கத்தில் பானெட்டைத் திறந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க," என்றது எஞ்சின். "சக்கரத்துப் பக்கம் போங்க. அவனுக்கு உசிர் இருக்கான்னு முதல்ல பாருங்க."